எபாக்சி பெடிங்: கட்டையில் ரைஃபிள் நெளியாமல் உட்கார

எபாக்சி டப்பாவைத் திறக்கும் முன், உங்கள் ரைஃபிளுக்கு இந்த வேலை தேவைதானா என்று பார்த்துவிடுங்கள். அறையிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்யுங்கள். போல்ட்டை உருவி வேறு மேசையில் வையுங்கள். துணி சுற்றிய வைஸில், குழல் மேல்நோக்க ரைஃபிளை நிறுத்துங்கள். லேத் பட்டறைகளில் இருக்கும் டயல் கேஜ் ஒன்றைக் குழலில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கவைத்து, அதன் முனை முன்கட்டையைத் தொடும்படி அமையுங்கள். இப்போது ரிசீவரைக் கட்டையோடு பிடிக்கும் இரண்டு திருகாணிகளில் முன்னதை மெல்லத் தளர்த்துங்கள்; முள்ளைக் கவனியுங்கள்.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு நகர்ந்தால் அந்த ரைஃபிள் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது; அதைத் தொடாதீர்கள். ஐந்து, பத்து என்று முள் ஓடினால், இத்தனை நாளும் திருகாணி, குழலும் ரிசீவரும் சேர்ந்த இரும்பை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். திருகாணியை மறுபடி இறுக்கிவிட்டு, பின் திருகாணிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். பெடிங் செய்துகொள்ளும் பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. நண்பர் செய்தார், நாமும் செய்வோம் என்று நல்ல கட்டையில் உளி வைப்பவர்கள் உண்டு.

இரும்பு ஏன் வளைகிறது? கட்டையில் இரும்புக்காகக் குடைந்த பள்ளமும் இரும்பின் அடிப்பாகமும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துவது அபூர்வம். எங்கோ ஒரு மேடு, எங்கோ ஒரு பள்ளம். மேட்டின் மேல் உட்கார்ந்த ரிசீவரைத் திருகாணிகள் இரண்டு பக்கமும் கீழே இழுக்கும்போது அது வில்லாக வளைகிறது. மரக்கட்டையாக இருந்தால் இன்னொரு தொல்லை. வால்நட் மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். கோடையில் இலக்கில் பதிந்த இடம் ஒன்று, அடைமழை முடிந்தபின் பதியும் இடம் வேறு. ஒவ்வொரு வெடியிலும் உதை வாங்கும் ரிசீவர் தன் இடத்துக்கே திரும்பாமல் இம்மியளவு தள்ளி உட்கார்ந்தால், குண்டுகள் சிதறும். எபாக்சி செய்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த இடைவெளியை நிரப்பி, ரிசீவரின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்வது. இதுதான் பெடிங்; அது பசை வேலை இல்லை. இரும்பும் எபாக்சியும் ஒன்றையொன்று எங்கும் முழுதாகத் தொட வேண்டும். எங்கும் ஒட்டக் கூடாது.

பழைய வித்தைதான் இது. அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கித் தொழில்நுட்பர்கள் போட்டிகளுக்கான எம்14 ரைஃபிள்களை இப்படித்தான் தயார் செய்தார்கள். அந்த வகையில் இரும்பைக் கட்டையிலிருந்து அடிக்கடி கழற்றினால் பெடிங் தேய்ந்துவிடும். அதனால் தேவையில்லாமல் கழற்றாதே என்பது அந்த வட்டாரத்தில் பாலபாடம். 1988-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்24 ஸ்னைப்பர் ரைஃபிளின் கட்டையில் அலுமினியப் பாளமே உள்ளே பதிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் பாதி தேவைப்படாது.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆயுதங்களைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ரைஃபிள் வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, அதைப் பழுதுபார்க்கும் உரிமம் வேறு. எனவே வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையிடம் கொடுங்கள். பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும், முடிந்த வேலையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இந்த அத்தியாயம் உதவும். இனி வரும் செய்முறை, இத்தகைய வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள வழியுள்ள அமெரிக்காவை மனதில் வைத்து எழுதியது.

எடுத்துக்காட்டாக ரெமிங்டன் 700-ஐ வைத்துக்கொள்கிறேன். 1962-இல் வந்த இந்த ரைஃபிள் அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும், உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை. இதன் ரிசீவர் உருண்டைக் குழாய் வடிவம். உதையைத் தாங்கும் ரீகாயில் லக் தனித்தகடு; ரிசீவருக்கும் குழலுக்கும் நடுவே வாஷர்போல நெருக்கப்பட்டு, அடியில் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். 1936-இல் வந்த வின்செஸ்டர் 70-இல் ரிசீவரின் அடி தட்டை. லக்கும் ரிசீவரோடு ஒரே துண்டாக இருக்கும். முறை இரண்டுக்கும் ஒன்றுதான், அடைக்க வேண்டிய ஓட்டைகள்தான் இடம் மாறும்.

எந்த எபாக்சி?

நம் வீடுகளில் புழங்கும் ஐந்து நிமிட அரால்டைட்டையோ, குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்சீலையோ இதற்குக் கொண்டுவராதீர்கள். சீக்கிரம் இறுகும் எபாக்சி உங்களுக்கு வேலை செய்ய நேரம் தராது. மெதுவாக இறுகுவதும், இறுகும்போது சுருங்காததும், இறுகியபின் கல்லாக நிற்பதும்தான் வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். 1939-இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய பிரவுனெல்ஸ் நிறுவனம் விற்கும் அக்ராகிளாஸ். தொழிற்சாலை எந்திரங்களைச் சரிசெய்யப் பயன்படும் டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல். படகு பழுதுபார்ப்பவர்களின் மரைன்டெக்ஸ். அக்ராகிளாஸில் நீர்த்த வகையும் உண்டு, ஜெல் வகையும் உண்டு. முதல் தடவை செய்பவர் ஜெல்லையோ பிசைமாவு பதத்தில் இருக்கும் வகைகளையோ எடுப்பது நல்லது. நீர்த்தது நீங்கள் நினைக்காத இடத்துக்கெல்லாம் ஓடும்.

கலக்கும் விகிதத்தில் கண்ணும் கருத்துமாக இருங்கள். அக்ராகிளாஸ் ஜெல்லில் பிசினும் கடினமாக்கியும் சமபங்கு. அதன் நீர்த்த வகையில் நாலுக்கு ஒன்று. டெவ்கான் புட்டியில் கொள்ளளவுப்படி இரண்டரைக்கு ஒன்று. தராசில் நிறுத்தால் ஒன்பதுக்கு ஒன்று. கொள்ளளவுக் கணக்கை எடைக் கணக்காக எடுத்துக்கொண்டவர் கையில் மிஞ்சுவது என்றைக்கும் இறுகாத கூழ். டப்பாவில் அச்சிட்டிருப்பதுதான் வேதவாக்கு. கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று எண்ணுவதும் தவறு. இது சிமென்ட் இல்லை. கூடினாலும் குறைந்தாலும் பலம் போகும்.

மற்றவை எளியவை. நிறமில்லாத ஷூ பாலிஷ் அல்லது தரைக்குப் போடும் மெழுகு. குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் டேப். மாஸ்கிங் டேப், பஞ்சுக்குச்சி ஒரு கட்டு, வெள்ளை வினிகர், நைட்ரைல் கையுறை. ரத்தம் எடுக்கும்போது புஜத்தில் கட்டுவார்களே, அந்த ரப்பர் குழாய் ஓரிரண்டு மீட்டர். ரெமிங்டன் 700-இன் திருகாணிகள் கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை கொண்டவை. அதே மரையில் நீளமான போல்ட் இரண்டு வாங்கித் தலையை அறுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடிக்க நுனியில் கீறல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவரைக் கட்டைக்குள் நேராக இறக்க இவைதான் வழிகாட்டிக் கம்பிகள்.

மரத்தைக் குடைதல்

இரும்பைக் கட்டையிலிருந்து பிரித்து, ட்ரிக்கரையும் கழற்றிவிடுங்கள். கழற்றத் தயக்கம் இருந்தால், களிமண்ணாலும் டேப்பாலும் அதை முழுக்க மூடிவிட முடியும் என்ற உறுதி இருக்க வேண்டும். ட்ரிக்கருக்குள் எபாக்சி போன ரைஃபிள் ஆபத்தானது.

எபாக்சி வேண்டிய இடங்கள் இரண்டு: லக் உட்காரும் பள்ளமும் அதன் பின்னே முன் திருகாணியைச் சுற்றிய பகுதியும் ஒன்று, ரிசீவரின் வால்பகுதி உட்காரும் இடம் மற்றொன்று. இந்த இரண்டிலும் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தை எடுங்கள். தாள்போல மெல்லிய எபாக்சிப் படலம் நிற்காது, உதிரும். ஆனால் எல்லாவற்றையும் குடைந்துவிட்டால் ரிசீவர் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பதற்கு அடையாளமே இருக்காது. அதற்காகத் திருகாணி ஓட்டைகளைச் சுற்றி வளையம்போலக் கொஞ்சம் பழைய மரத்தை விட்டுவையுங்கள். அந்த வளையத்துக்குப் பதில் அலுமினியத் தூண்கள் பதிப்பவர்களும் உண்டு. மரக்கட்டைக்கு அது இன்னும் நல்லது. மரம் நசுங்காது, திருகாணியின் இறுக்கம் வருஷக்கணக்கில் மாறாது.

எபாக்சி பிடிக்க வேண்டிய மரத்தில் வார்னிஷோ எண்ணெயோ இருக்கக் கூடாது. பழைய கட்டைகளின் வால்பகுதியில் துப்பாக்கி எண்ணெய் ஊறி மரம் கறுத்திருக்கும். அசிட்டோன் தொட்ட துணியால், துணியில் கறை வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு சின்ன டிரில்லால் சாய்வாகச் சில குழிகள் போட்டால் எபாக்சி வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். திருகாணி ஓட்டைகளையும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். திருகாணி ஓட்டையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் உதையை லக்குக்குப் பதிலாக அது தாங்கும்; நாளடைவில் கட்டை விரிசல் விடும்.

குழல் ஓடும் பள்ளத்தில் எபாக்சி வேண்டியதில்லை. குழல் எதையும் தொடாமல் நிற்க வேண்டும்; டாலர் நோட்டை இரண்டாக மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஓட்டினால் தடையின்றிப் போக வேண்டும். லக்குக்கு முன்னால் குழலின் முதல் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு அடியில் எபாக்சி தரலாமா என்பதில் கைதேர்ந்தவர்களிடையே இரண்டு கட்சி. கனமான குழலுக்குத் தரலாம், மெல்லிய வேட்டைக் குழலுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

அடைப்பதும் மெழுகுவதும்

பெடிங் செய்பவர்களின் கெட்ட கனவு ஒன்றுதான்: இறுகியபின் ரிசீவர் கட்டையை விட்டு வராமல் போவது. அதற்குக் காரணங்கள் இரண்டு. மெழுகு விட்டுப்போனது ஒன்று. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாத குழியில் மட்டும் மாவு பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ரிசீவரில் விட்டுப்போன ஒரு நகத்தளவு இடம் அதே வேலையைச் செய்யும். மெழுகை மெல்லிசாகப் பூசி, உலரவிட்டு, துணியால் தேய்த்து, மறுபடி பூசி, இப்படி இரண்டு மூன்று அடுக்கு. எபாக்சி வழிந்து வரக்கூடிய குழல், ரிசீவரின் பக்கவாட்டு, வழிகாட்டிக் கம்பிகளின் மரை என்று எதையும் விடாதீர்கள். கட்டையின் வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலும் மெழுகு பூசுங்கள். எபாக்சி பிடிக்க வேண்டிய குடைந்த மரத்தில் மட்டும் மெழுகு படவே கூடாது.

இரண்டாவது காரணம் மெழுகாலும் தீராதது. ரிசீவரின் பக்கவாட்டில் ட்ரிக்கர் பின்கள் நுழையும் ஓட்டைகள் உள்ளன. எபாக்சி அவற்றுக்குள் புகுந்து இறுகினால் அது ஓர் ஆப்பு. இரும்பு மேலே வர வேண்டுமானால் ஆப்பு முறிய வேண்டும், அது முறியாது. போல்ட் நிறுத்தியின் வெட்டு, மேகசின் வாய், திருகாணி மரைகள், ரிசீவரின் அடியில் உள்ள படிகள் எல்லாமே இப்படிப்பட்ட பொறிகள். களிமண்ணை அழுத்தி நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் மேற்பரப்போடு மட்டமாக வழித்துவிடுங்கள். பிறகு ரிசீவரைக் கையில் பிடித்து, மேலிருந்து கீழே நேராக இறக்கி நேராகத் தூக்குவதாக மனதில் ஓட்டிப் பாருங்கள். எந்த விளிம்பின் அடியில் எபாக்சி போய்ப் பிடித்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். விளக்கொளியில் செய்ய வேண்டிய வேலை இது, அவசரம் கூடாது.

லக்குக்குத் தனிக் கவனிப்பு. அதன் முன்முகம், இரண்டு பக்கங்கள், அடி ஆகியவற்றில் குழாய் டேப்பை ஓர் அடுக்கு ஒட்டுங்கள். பின்முகத்தில் டேப் கூடாது, மெழுகு மட்டும். இறுகியபின் டேப்பை உரித்தால் மூன்று பக்கமும் அடியும் காற்றில் நிற்கும். பின்முகம் மட்டும் எபாக்சிச் சுவரில் முழுதாகப் பதிந்திருக்கும். உதை போக வேண்டிய வழி அதுதான். டேப் ஒட்டாமல் செய்த பெடிங்கில் ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் லக் சுவர்களைச் சுரண்டும். லக்கின் அடி தரைதட்டினால் ரிசீவர் அதன் மேல் ஊஞ்சலாடும்.

குழலின் முன்பகுதியில், முன்கட்டை நுனிக்கு நேராக, டேப்பைச் சில சுற்று சுற்றுங்கள். குழல் பள்ளத்தின் நடுவில் சரியான உயரத்தில் நிற்க இதுதான் முட்டு. எல்லாம் முடிந்ததும் எபாக்சி இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். ரிசீவர் உள்ளே இறங்க வேண்டும், கையால் தூக்கினால் வெளியே வர வேண்டும்.

ஊற்றும் வேளை

அறை வெப்பம் 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்காலத்தில் கராஜில் வைத்துச் செய்தால் இறுகுவது இழுத்துக்கொண்டே போகும். எபாக்சியை அடித்துக் கலக்காதீர்கள், காற்றுக்குமிழி ஏறும். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மெதுவாகக் கலக்குங்கள். முதலில் லக் பள்ளத்தின் பின்மூலைகளில் குச்சியால் அழுத்தி நிரப்புங்கள். அங்கேதான் காற்று மாட்டிக்கொள்ளும், அங்கே ஓட்டை விழுந்தால்தான் நட்டம். லக்கின் பின்முகத்திலும் கொஞ்சம் பூசிவிட்டு, ரிசீவரை வழிகாட்டிக் கம்பிகளின் போக்கில் நேராக இறக்கி அழுத்துங்கள். சுற்றிலும் எபாக்சி பிதுங்கி வர வேண்டும். ஓர் இடத்தில் பிதுங்கவில்லையென்றால் அங்கே போதாது; உடனே தூக்கி இன்னும் கொஞ்சம் வையுங்கள்.

இனித்தான் பலர் சறுக்கும் இடம். திருகாணியை மாட்டி இறுக்கக் கை பரபரக்கும். இறுக்காதீர்கள். இறுக்கினால் ரிசீவர் பழையபடி வளையும். வளைந்த அந்த வடிவத்தையே எபாக்சி அச்செடுத்துக்கொள்ளும். இறுகியபின் பளபளவென்று அழகாக இருக்கும், டயல் கேஜில் பார்த்தால் பழைய நோய் அப்படியே இருக்கும். ரப்பர் குழாயைக் கட்டையையும் ரிசீவரையும் சேர்த்து மிதமான இழுவையில் சுற்றிக் கட்டினால் போதும். ரிசீவர் தன் எடையிலும் அந்த மெல்லிய அழுத்தத்திலும் நெளிவில்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலையைத்தான் நாம் பதிவு செய்கிறோம்.

பிதுங்கியதை வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள். இறுகிய பிறகு அதே வேலைக்கு உளி வேண்டியிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எபாக்சிக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் விடாது. இறுகியதைத் தேய்க்கும்போது வரும் தூசுக்கு முகமூடியும் வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சிய எபாக்சியை எறிந்துவிடாமல் பக்கத்திலேயே வையுங்கள். உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் நகத்தை ஊன்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிரிப்பது

24 மணி நேரம் கழித்து, நகம் பதியவில்லையென்றால், ரப்பர் குழாயை அவிழ்த்து வழிகாட்டிக் கம்பிகளைக் கழற்றுங்கள். குழலைப் பிடித்து நேர் மேலாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டி நெம்பினால் இன்னும் முழுதாகப் பழுக்காத சுவர்கள் உடையும். வர மறுத்தால் குழலின் அடியில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரைஃபிளை இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். இரும்பும் எபாக்சியும் குளிரில் சுருங்கும் அளவு வேறு வேறு. பெரும்பாலும் காலையில் ‘டக்’ என்ற சத்தத்தோடு விட்டுவிடும். ஃப்ரீசருக்கும் அடங்காததற்கு மிச்சமிருப்பது இரும்பைச் சூடேற்றி எபாக்சியை இளக்குவதுதான். அதில் ரைஃபிள் தப்பும், பெடிங் போகும். கட்டையின் பூச்சும் போகலாம்.

அச்சில் குண்டூசித் தலையளவு குமிழிகள் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். லக் சுவரிலோ திருகாணி அருகிலோ பெரிய பள்ளம் இருந்தால் அங்கே உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மெழுகிலிருந்து களிமண் வரை எல்லாவற்றையும் மறுபடி செய்து, மெல்லிய படலமாக இன்னொரு பூச்சு தர வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. கூரான மேல்விளிம்புகளை லேசாகச் சாய்த்து அரமிடுங்கள். எபாக்சி அடைத்த திருகாணி ஓட்டைகளை மறுபடி அகலமாகத் திறந்துவிடுங்கள்.

களிமண்ணும் மெழுகும் மரையில் கூடத் தங்காமல் துடைத்தபின் ட்ரிக்கரை மாட்டிப் பூட்டுங்கள். அலுமினியத் தூண் இல்லாத மரக்கட்டைக்கு 35 முதல் 45 அங்குல பவுண்டு இறுக்கம், அதாவது சுமார் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர். தூணோ அலுமினியப் பாளமோ இருந்தால் 65 அங்குல பவுண்டு, 7.3 நியூட்டன் மீட்டர். கை அளவை நம்பாமல் டார்க் டிரைவரால் இறுக்குங்கள். போல்ட் தடையின்றி மூடுகிறதா? ரெமிங்டன் 700-இல் முன் திருகாணி கொஞ்சம் நீண்டுவிட்டால் போல்ட்டின் காதுகளில் இடிக்கும். போல்ட் கைப்பிடி கட்டையில் உரசுகிறதா? மேகசின் இறங்குகிறதா? சேஃப்டி பிடிக்கிறதா, ட்ரிக்கர் தன் இடத்துக்குத் திரும்புகிறதா? இவை எல்லாவற்றையும் வெறும் ரைஃபிளில் சோதித்த பிறகுதான் தோட்டாவைத் தொட வேண்டும்.

கடைசியில் மறுபடியும் டயல் கேஜ். முன்பு பத்து ஓடிய முள் இப்போது ஒன்றிரண்டில் நின்றால் வேலை பலித்தது. நிற்காவிட்டால் சுடும் களத்துக்குப் போவதில் பயனில்லை. எங்கோ அழுத்தம் மிச்சமிருக்கிறது.

எபாக்சிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு, 100 கெஜத்தில் ஐந்து குண்டுக் குழுக்கள் சில சுட்டுப் பாருங்கள். குழுவின் அகலத்தைச் சொல்லும் கோண அலகான எம்ஓஏ ஒன்று, அந்தத் தூரத்தில் 1.047 அங்குலம். ஒரே ஒரு நல்ல குழுவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குழல்வாயின் விளிம்பு அடிபட்டிருந்தாலோ ஸ்கோப்பின் பிடிகள் தளர்ந்திருந்தாலோ அந்தக் குழலுக்குப் பிடிக்காத தோட்டாவைப் போட்டாலோ எந்த எபாக்சியும் உதவாது.

மான் வேட்டைப் பருவம் பல மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. பெடிங்கை ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். பருவத்துக்கு முந்தைய வாரத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள்.